பம்ப் விற்பவருக்கு எதைக் கற்பிப்பது: தொழில்நுட்ப விற்பனைப் பயிற்சியில் மின்வழிக் கற்றலின் வடிவமைப்பும் மதிப்பீடும்

தொழில்நுட்பப் பொருள் ஒன்றை விற்பவர் அப்பொருளைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்க வேண்டும் என்று கேட்டால், விவரப்பட்டியலில் உள்ள அனைத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே நிறுவனங்கள் வழக்கமாகத் தரும் விடையாகும். அந்த விடையிலிருந்து பிறக்கும் பயிற்சி, விற்பனையாளரின் கைப்பேசிக்குப் பக்கம் பக்கமான காட்சிப்படங்களாக வந்து சேர்கிறது. மாடல் எண், உலோகத்தின் வகை, உத்தரவாதக் காலம், போட்டி நிறுவனத்தின் பொருளில் இல்லாத சிறப்பம்சம் ஆகியவை வரிசையாக ஓதப்பட்ட பின் பத்துக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. எண்பது விழுக்காடு மதிப்பெண் பெற்றவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. இத்தகைய பயிற்சி பொருளை மையமாக வைக்கிறது. வாடிக்கையாளர் சொல்லும் அரைகுறைச் செய்திகளிலிருந்து அவருக்குப் பொருந்தும் பொருளைக் கண்டறிவதே தொழில்நுட்ப விற்பனையின் உண்மையான வேலை என்றும், பாடத்தின் வடிவமைப்பும் அதன் மதிப்பீடும் அந்த ஒரு தீர்மானத்தைச் சுற்றியே அமைய வேண்டும் என்றும் இச்சொற்பொழிவு வாதிடுகிறது. பொதுப்படப் பேசினால் இவ்வாதம் எளிதில் ஒப்புக்கொள்ளப்பட்டு அதே எளிமையுடன் மறக்கப்படும் என்பதால், கோயம்புத்தூர்த் தொழிலான ஆழ்துளைக் கிணற்றுப் பம்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இது விரித்துரைக்கப்படுகிறது.

விற்பனையைக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் பழையது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தை நடத்திய ஜான் ஹென்றி பேட்டர்சன், கல்லாப்பெட்டி எந்திரம் விற்பதற்கான உரையாடல் கையேடு ஒன்றை 1887-இல் உருவாக்கச் செய்து, அதை மனப்பாடம் செய்யும்படி விற்பனையாளர்களைப் பணித்தார். 1890-களில் அவர்களுக்கெனப் பள்ளியும் தொடங்கினார். அடுத்து வந்த நூறாண்டுகளின் விற்பனைப் பயிற்சியில் பெரும்பகுதி இந்த மனப்பாட மரபின் நீட்சியே. அதற்கு வலுவான மறுப்பு, பிரிட்டனில் ஹத்வெய்ட் ஆய்வுக் குழுவை நடத்திய நீல் ராக்கமிடமிருந்து வந்தது. ஏறத்தாழ 35,000 விற்பனைச் சந்திப்புகளைக் கூர்ந்து நோக்கி, 1988-இல் வெளியான தம் நூலில் அவர் வைத்த முடிவு, மதிப்பு மிகுந்த பொருள்களின் விற்பனையில் வெற்றி பெறுபவர் சிறப்பம்சங்களை அடுக்குபவரல்லர், வாடிக்கையாளரின் சிக்கலையும் அதன் பின்விளைவுகளையும் கேள்விகளால் வெளிக்கொணர்பவர் என்பதாகும். புதிய பொருள் சந்தைக்கு வரும்போது இதற்கு நேர்மாறானது நிகழ்கிறது என்பதையும் அவர் கவனித்தார்: அறிமுகப் பயிற்சியில் சிறப்பம்சங்களையே கேட்டுவிட்டு வரும் விற்பனையாளர், வாடிக்கையாளரிடம் அவற்றையே ஒப்பிக்கிறார், அவர் கேட்கும் கேள்விகள் குறைந்துவிடுகின்றன. ஆக, தவறாக வடிவமைக்கப்பட்ட பயிற்சி பயனற்றுப் போவதோடு நிற்பதில்லை, இருந்த திறனையும் கெடுக்கிறது.

மின்வழிக் கற்றல் என்பது கணினி, கைப்பேசி, இணையம் ஆகியவற்றின் வழியே பாடமும் பயிற்சியும் சோதனையும் தரப்படும் முறையைக் குறிக்கும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-இல் தொடங்கிய பிளேட்டோ திட்டம் முதல் இன்றைய கைப்பேசிச் செயலிகள் வரை, ஒவ்வொரு புதிய கருவியும் கற்றலைத் தானே மேம்படுத்திவிடும் என்ற நம்பிக்கையோடுதான் அறிமுகமாகியிருக்கிறது. ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் எழுதிய ஆய்வுரையில், மளிகைப் பொருளைக் கொண்டுவரும் லாரி ஊரின் ஊட்டச்சத்தை மாற்றாதது போல, பாடத்தைக் கொண்டுவரும் ஊடகம் கற்றலை மாற்றுவதில்லை என்று வாதிட்டார். இவ்வாதம் சற்றே மிகையானது; ஆயினும் பின்னர் வந்த கணக்கீடுகள் அதன் மையக் கருத்தைப் பெரிதும் ஆதரித்தன. டிரேசி சிட்ஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் 96 ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செய்தியறிவைக் கற்பிப்பதில் இணையவழிப் பாடம் வகுப்பறையைவிட 6 விழுக்காடு மேலானதாகவும், செயல்முறைத் திறனில் இரண்டும் சமமாகவும் தெரிந்தன. இரண்டிலும் ஒரே கற்பித்தல் முறை கையாளப்பட்ட இடங்களிலோ அந்த 6 விழுக்காடும் மறைந்துபோயிற்று. எனவே வகுப்பறையா கைப்பேசியா என்ற கேள்வியைச் செலவையும் வசதியையும் பொறுத்து முடிவு செய்துகொள்ளலாம். கற்பவரின் மூளை எதைச் செய்யுமாறு பாடம் கேட்கிறது என்பதே ஆராயத்தக்கது.

பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் 1930-களில் கொங்குப் பகுதிக்கு வந்ததும், ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதும், கோயம்புத்தூரை இந்தியப் பம்புத் தொழிலின் தலைமையிடமாக்கிய வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள். பெரிய நிறுவனங்களும் எண்ணற்ற சிறு பட்டறைகளும் அருகருகே இயங்கும் இத்தொழிலில், பொருள் ஆலையிலிருந்து வயலை அடைவதற்குள் நிறுவனத்தின் விற்பனை அலுவலர், டீலர், டீலர் கடையின் கவுண்டரில் நிற்கும் இளைஞர், பம்பை இறக்கும் மெக்கானிக் என்று பலர் கைமாறுகிறது. நிறுவனத்தின் பயிற்சி முதலாமவரிடம் செழித்து, நான்காமவரை எட்டுவதற்குள் வற்றிவிடுகிறது. ஆனால் எந்தப் பம்பை வாங்குவது என்று விவசாயி கேட்பது பெரும்பாலும் அந்த நான்காமவரிடம்தான். பயிற்சித் தேவையை ஆராயும்போது பணிப்பெயரைப் பார்க்காமல் தீர்மானம் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கவுண்டரில் நடக்கும் உரையாடலை உற்று நோக்கினால் தீர்மானத்தின் கடினம் விளங்கும். வாடிக்கையாளர், தம் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, 800 அடி என்றும், இரண்டரை இஞ்ச் தண்ணீர் இருக்கிறது என்றும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் பத்து எச்.பி. (குதிரைத்திறன்) மோட்டார் போட்டிருப்பதால் தமக்கும் அதுவே வேண்டும் என்றும் சொல்கிறார். இம்மூன்று செய்திகளில் முதலாவது பம்பின் தேர்வுக்கு நேரடியாகப் பயன்படாதது. மூன்றாவது முற்றிலும் பொருந்தாதது. இரண்டாவதோ, என்ன அளவு என்று கேட்டுத் தெளியாமல் பயன்படுத்தினால் ஆபத்தானது. ஆழ்துளை போடுபவர்கள் ஊற்றின் அளவை, 90 பாகைக் கோணத்தில் வெட்டிய பலகையின் வழியே நீரை விட்டு, அவ்வெட்டில் நீர் எழும் உயரத்தை இஞ்சில் சொல்வார்கள். உயரத்தோடு நீரளவு நேர்விகிதத்தில் கூடுவதில்லை: இரண்டு இஞ்ச் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 லிட்டரும், இரண்டரை இஞ்ச் என்பது 80 லிட்டருக்குச் சற்று மேலும், மூன்று இஞ்ச் என்பது 130 லிட்டருக்கு மேலும் ஆகும். விவசாயி அதே இரண்டரை இஞ்சைக் குழாய் நிறைய விழும் தண்ணீராக மனத்தில் கொண்டிருந்தால், அவர் எதிர்பார்ப்பதற்கும் நிலம் தரக்கூடியதற்கும் இடையே பல மடங்கு வேறுபாடு இருக்கும். பலகையில் அளந்ததா, குழாயில் பார்த்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பதற்கு விற்பனையாளர் கற்றிருந்தால் இவ்வேறுபாடு அப்போதே வெளிப்பட்டுவிடும். அவர் வைத்திருக்கும் சான்றிதழில் அக்கேள்விக்கு இடமிருந்ததா என்பதே ஐயத்துக்குரியது.

அடுத்தது ஹெட். பம்ப் நீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ள வேண்டும் என்பதோடு, குழாயின் உராய்வை வெல்லத் தேவைப்படும் உயரத்தையும் சேர்த்த மொத்தமே ஹெட் எனப்படும். அந்த ஹெட்டில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும் என்பது டிஸ்சார்ஜ். மேற்சொன்ன வாடிக்கையாளரின் பம்ப் 600 அடியில் இறக்கப்பட்டிருப்பதாகவும், பம்ப் ஓடாதபோது நீர்மட்டம் 250 அடியிலும் ஓடும்போது 400 அடியிலும் நிற்பதாகவும், நீரைத் தரைக்கு மேல் 40 அடி உயரத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும் என்றும், உராய்வு 30 அடி என்றும் கொள்ளலாம். ஹெட்டைத் தீர்மானிப்பது பம்ப் ஓடும்போது நிற்கும் நீர்மட்டமே ஆதலால் மொத்தம் 470 அடி, அதாவது ஏறத்தாழ 143 மீட்டர். நிமிடத்துக்கு 75 லிட்டர் எடுக்க, பம்பின் திறன் 50 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 5 எச்.பி. போதும். விற்பனையாளர் போரின் ஆழத்தையே ஹெட்டாக எண்ணிக் கணக்கிட்டால் 870 அடி, அதாவது 265 மீட்டர் வரும். அதே நீருக்கு 8.7 எச்.பி. தேவைப்படுவதாகத் தோன்றி, 10 எச்.பி. பில் போடப்படும். இதனால் கூடுதல் பணம் செலவாவதோடு முடிவதில்லை. 265 மீட்டருக்கு வடிவமைத்த பம்ப் 143 மீட்டரில் ஓடும்போது, தேவைக்கு மேல் நீரை இழுக்கிறது; ஊற்று ஈடுகொடுக்க முடியாமல் நீர்மட்டம் இறங்குகிறது; பம்பின் வாய்வரை இறங்கினாலும் ஹெட் 670 அடியைத் தாண்டாததால் பம்ப் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதில்லை, இறுதியில் காற்றை இழுக்கிறது. பேனல் போர்டில் பாதுகாப்பு இருந்தால் மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆகும். இல்லையென்றால் மோட்டார் வெறுமனே ஓடிச் சூடேறிக் கெடும். கடைக்கு வரும் புகார், மோட்டார் சரியில்லை என்பதாகவே இருக்கும்.

இக்கணக்கு ஒரு பருவத்துக்கானது என்பதையும் மறக்கலாகாது. ஆடிக்குப் பின் 400 அடியில் நிற்கும் மட்டம் சித்திரையில் 500-க்குப் போகலாம்; அன்றைய மட்டத்துக்கு மட்டும் துல்லியமாகப் பொருத்திய பம்ப் கோடையில் தண்ணீர் தராமல் போகும். ஆகவே திறமையான விற்பனையாளர் ஒரு புள்ளியைத் தேடுவதில்லை. ஹெட்டும் டிஸ்சார்ஜும் மாறும்போது பம்பின் திறன் எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைகோட்டில், இரு பருவங்களிலும் திறன் தாழாத ஒரு பகுதிக்குள் விழும் மாடலைத் தேடுகிறார். டெலிவரி குழாயின் அளவைக் கேட்பதும் இதில் அடங்கும். ஒரே அளவு நீர் செல்லும்போது உராய்வு குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழத் தலைகீழ் விகிதத்தில் மாறுவதால், இரண்டரை இஞ்சுக்குப் பதில் இரண்டு இஞ்ச் குழாய் போட்டால் உராய்வு மூன்று மடங்காகிறது. குழாயில் மிச்சம் பிடித்த பணம் பம்பின் உழைப்பில் கரைந்துவிடுகிறது.

இவ்வளவையும் விரித்துச் சொன்னதன் நோக்கம் நீரியல் கற்பிப்பதன்று. பயிற்சிக்கு முந்தைய ஆய்வு எவ்வளவு ஆழத்துக்கு இறங்க வேண்டும் என்று காட்டுவதே. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 1975-இல் அமெரிக்கத் தரைப்படைக்காக வகுத்ததிலிருந்து பரவிய, ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயலாக்கம், மதிப்பீடு என்ற ஐந்து கட்ட முறையைப் பின்பற்றுவதாகப் பல நிறுவனங்கள் சொல்லிக்கொள்கின்றன. நடைமுறையிலோ ஆய்வுக்கட்டம், விவரப்பட்டியலைப் பெற்றுக்கொள்ளும் ஒரு மின்னஞ்சலாகச் சுருங்கிவிடுகிறது. திரும்பி வந்த பம்புகளின் புகார்ப் பதிவேட்டையும், அனுபவமிக்க மெக்கானிக் ஒருவர் வாடிக்கையாளரிடம் என்னென்ன கேட்கிறார், எந்த வரிசையில் கேட்கிறார் என்பதையும் பத்து நாள்கள் குறித்துக்கொண்டால், பாடத்தின் முக்கால் பகுதி அங்கேயே கிடைக்கும்.

கற்றல் நோக்கத்தைக் கண்ணால் பார்க்கத்தக்க செயலாக எழுத வேண்டும் என்று ராபர்ட் மேகர் 1962-லேயே வலியுறுத்தினார். பம்புகளின் வகைகளைப் புரிந்துகொள்வார் என்று எழுதினால் எவராலும் சோதிக்க முடியாது. வாடிக்கையாளரின் வாய்மொழிச் செய்தியிலிருந்து விடுபட்டவற்றைக் கேட்டறிந்து, அடியை மீட்டராக்கி, ஹெட்டையும் டிஸ்சார்ஜையும் கணக்கிட்டு, தேர்வு அட்டவணையிலிருந்து பொருத்தமான மாடலைச் சுட்டி, அது ஏன் பொருந்தும் என்பதை வாடிக்கையாளரின் சொற்களிலேயே விளக்குவார் என்று எழுதினால், பாடமும் சோதனையும் ஏறக்குறையத் தாமே எழுதப்பட்டுவிடுகின்றன. விடுபட்டவற்றைக் கேட்டறிதல் என்ற பகுதியே இவற்றுள் மிகக் கடினமானது. மின்வழிப் பாடங்களில் மிக அரிதாகக் காணப்படுவதும் அதுவே. பாடநூல் கணக்கில் எல்லா எண்களும் கொடுக்கப்பட்டிருக்கும். கவுண்டரில் எதுவும் கொடுக்கப்படுவதில்லை.

இதற்கு ஏற்ற வடிவம் கிளைவிடும் சூழ்நிலைப் பயிற்சி. திரையில் வாடிக்கையாளர் தம் மூன்று செய்திகளைச் சொல்லிவிட்டு நிற்பார். கற்பவர் அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்டால் மட்டுமே நீர்மட்டமும் குழாய் அளவும் மின்னழுத்தமும் வெளிப்படும். கேட்காமலேயே மாடலைத் தேர்ந்தெடுத்தால், ஆறு மாதம் கழித்து அதே வாடிக்கையாளர் புகாரோடு வருவார். தவறு என்ற சிவப்புக் குறியைவிட அந்தப் புகார் கற்பிப்பது அதிகம். ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை முதல் நாளே இத்தகைய சூழ்நிலையில் தள்ளுவது நன்றன்று. ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டியபடி, தொடக்க நிலையினர் தாமே முட்டிமோதித் தீர்ப்பதைவிட, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பதால் விரைவாகக் கற்கிறார்கள். மூளை ஒரே நேரத்தில் கையாளக்கூடிய செய்திகளின் அளவு குறைவு என்பதே இதற்கான விளக்கம். எனவே முதலில் முழுவதும் தீர்த்த தேர்வுகள் சில, பின் கடைசிப் படி மட்டும் விடுபட்டவை, பின் பாதி விடுபட்டவை என்று படிப்படியாக உதவியைக் குறைத்துக்கொண்டு வருவது முறை. இருபதாண்டு அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு இதே படிகள் சலிப்பூட்டுவதோடு இடையூறாகவும் ஆகும் என்பதால், அவருக்கு நேரே சூழ்நிலையைத் தந்து, தடுமாறும் இடத்தில் மட்டும் விளக்கம் தருவதே பொருத்தம்.

பன்மைத் தெரிவு வினாக்களைப் பலர் இழிவாக நினைக்கிறார்கள். குறை அவ்வடிவத்தில் இல்லை, தவறான விடைகளை எழுதும் முறையில் இருக்கிறது. மேற்கண்ட கணக்கில் 143 மீட்டர் என்ற சரியான விடைக்கு அருகே, போரின் ஆழத்தைச் சேர்த்தவருக்கு வரும் 265, பம்ப் இறக்கிய ஆழத்தைச் சேர்த்தவருக்கு வரும் 204, ஓடாத நிலை நீர்மட்டத்தைச் சேர்த்தவருக்கு வரும் 98 ஆகியவற்றை வைத்தால், ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்தைக் காட்டிக்கொடுக்கும். பின்னூட்டமும் அந்த எண்ணத்தைக் குறிவைத்தே அமையலாம். அடியை மீட்டராக்காமல் 470 என்றே எழுதுபவரும் இருப்பார். அவருக்கு வேண்டியது நீரியல் விளக்கமன்று, 3.28-ஆல் வகுக்கும் பழக்கம் மட்டுமே.

கற்றது நிலைக்கும் காலத்தைப் பொறுத்தவரை, நிறுவனங்களின் வழக்கம் ஆய்வு முடிவுகளுக்கு நேர் எதிராக இருக்கிறது. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடும், ஒருமுறை படித்து ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்தோ முன்னவர்கள் 42-க்கு இறங்கிவிட, பின்னவர்கள் 56-இல் நின்றனர். பாடம் முடிந்த உடனே சோதனை வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை, முதல் ஐந்து நிமிடத்தின் பொய்த் தோற்றத்தையே அளக்கிறது என்பது இதிலிருந்து பெறப்படும். பயிற்சியைத் தை மாதத்தில் தொடங்கி, விற்பனை உச்சத்தை அடையும் கோடை வரை வாரம் இரண்டு சூழ்நிலைகள் வீதம் கைப்பேசிக்கு அனுப்புவது, ஒரே நாளில் நான்கு மணி நேரம் அமரவைப்பதைவிட மலிவானது, பயனும் மிக்கது. மாடல் எண்களையும், பம்புக்குள் அடுக்காக அமைந்த ஸ்டேஜ்களின் எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்விப்பதை முழுவதுமாகக் கைவிடலாம். அவை தேர்வு அட்டவணையில் இருக்கின்றன, ஆண்டுதோறும் மாறுகின்றன, அட்டவணையைப் பிழையின்றிப் படிக்கக் கற்பித்தால் போதும்.

ஒலி, படம், எழுத்து ஆகியவற்றைச் சேர்க்கும் முறை பற்றி ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் நிறையச் சொல்லியிருக்கின்றன. பம்பின் வளைகோட்டைத் திரையில் காட்டிக் குரலால் விளக்கும்போது, அதே விளக்கத்தை எழுத்தாகவும் திரையில் ஓடவிட்டால் கண் இரண்டுக்கும் அலைந்து கற்றல் குறைகிறது என்ற ஒன்றே இங்கு எடுத்துச் சொல்லத்தக்கது. மொழி பற்றி ஒரு சொல்: ஆங்கிலப் பாடத்தை அப்படியே தமிழாக்கித் தருவதில், நீரேற்றுயரம் போன்ற சொல்லாக்கங்கள் வந்து புகுந்து, ஹெட் என்றே ஆண்டுக்கணக்காகச் சொல்லிவரும் மெக்கானிக்கைத் தம் தொழிலிலேயே அந்நியராக்கிவிடுகின்றன. கவுண்டரில் வழங்கும் சொல்லே பாடத்திலும் வழங்குவது நலம்.

ஒரு நாட்டுக்கோ தொழிலுக்கோ எழுதிய விற்பனை வாதம் இன்னோரிடத்தில் எப்படித் தவறிப்போகும் என்பதற்கு நட்சத்திரக் குறியீடு நல்ல சான்று. இந்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் விவசாயப் பம்ப்செட்டுகளுக்கும் நட்சத்திரத் தரம் வழங்குகிறது. ஐந்து நட்சத்திரம் பெற்ற பம்ப் மின்கட்டணத்தை மிச்சப்படுத்தும் என்று பாடம் சொல்லித் தருகிறது. இலவச மின்சாரம் பெறும் தமிழ்நாட்டு விவசாயியிடம் இவ்வாதத்தை வைக்கும் விற்பனையாளர், எதிரே இருப்பவர் புன்னகைப்பதைக் காண்பார். திறன் மிக்க பம்ப் அதே மின்சாரத்தில் கூடுதல் நீர் தரும் என்பதும், குறைந்த மின்னழுத்தத்தில் அது எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதும், மோட்டாரின் காயில் எரிந்து ரீவைண்டிங்குக்குப் போகாமல் எத்தனை கோடையைக் கடக்கும் என்பதுமே அவர் காதில் ஏறும் செய்திகள். கட்டணம் செலுத்தும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்திடமோ அதே நட்சத்திரம் வலுவான வாதம். எந்த வாதம் யாருக்கு என்று பிரித்தறியச் சொல்வதும் சூழ்நிலைப் பயிற்சியின் ஒரு கிளையாக அமைய வேண்டும்.

மதிப்பீட்டுக்கு வந்தால், டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-க்கும் 1960-க்கும் இடையே எழுதிய நான்கு கட்டுரைகளின் நிழலிலிருந்து இத்துறை இன்னும் வெளிவரவில்லை. பயிற்சி பெற்றவரின் கருத்து, கற்றது, நடத்தை மாற்றம், நிறுவனத்துக்குக் கிடைத்த பலன் என்று அவர் வகுத்த நான்கு நிலைகள் எளிமையானவை. அவ்வெளிமையாலேயே தவறாகப் பயன்படுபவை. முதல் நிலையில் நல்ல மதிப்பு வந்தால் மற்றவையும் தொடரும் என்று பலர் ஊகிக்கிறார்கள். ஜார்ஜ் அலிகரும் பிறரும் 1997-இல் தொகுத்த ஆய்வுகளின்படி, பயிற்சி பிடித்திருந்தது என்ற கருத்துக்கும் உண்மையில் கற்றதற்கும் ஏறத்தாழத் தொடர்பே இல்லை. வேலைக்குப் பயன்படும் என்ற கருத்துக்கும் பணியில் அதைக் கையாள்வதற்கும் ஓரளவு தொடர்பு உண்டு. எனவே கருத்துக்கேட்புப் படிவம் வைக்கத்தான் வேண்டுமென்றால், பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்பதை விட்டு, சென்ற வாரம் வந்த எந்த வாடிக்கையாளரிடம் இதைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்பது மேல்.

கற்றல் மேலாண்மை மென்பொருள் தரும் அறிக்கைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் பிறந்து, 2001-இல் வெளியான 1.2 பதிப்பின் மூலம் உலகெங்கும் பரவிய ஸ்கார்ம் என்னும் தரமுறை, பாடம் முடிந்ததா, மதிப்பெண் என்ன, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பவற்றை முதன்மையாகப் பதிகிறது. எளிதில் பதியக்கூடியது எதுவோ அதுவே அளவுகோலாகிவிட்டதன் விளைவுதான் நூறு விழுக்காடு நிறைவு என்ற பெருமித அறிக்கை. 2013-இல் வந்த எக்ஸ் ஏபிஐ தரமுறை, யார் எதைச் செய்தார் என்ற வாக்கியங்களாக மென்பொருளுக்கு வெளியே நிகழ்வதையும் பதிய வழிசெய்கிறது. அதைக் கொண்டு, சூழ்நிலைப் பயிற்சியில் ஒருவர் மாடலைச் சொல்வதற்கு முன் எத்தனை கேள்விகள் கேட்டார், எந்தக் கேள்வியைத் தொடர்ந்து தவிர்க்கிறார் என்பதை அறியலாம். மதிப்பெண்ணைவிட இது பயனுள்ள செய்தி.

நடத்தை மாற்றத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பம்ப் விற்பனையில் தேர்வுப் படிவம் என்ற ஒரு தாள் இருந்தாலே போதும். போரின் ஆழம், பம்ப் இறக்கும் ஆழம், ஓடும்போது நீர்மட்டம், கோடை நீர்மட்டம், தொட்டி உயரம், குழாய் அளவு, மின்னழுத்தம், பரிந்துரைத்த மாடல் என்ற கட்டங்களைக் கொண்ட அத்தாளைப் பயிற்சிக்கு முன் இரு மாதமும் பின் இரு மாதமும் சேகரித்து, கடையின் பெயரையும் தேதியையும் மறைத்து, அனுபவமிக்க பொறியாளர் ஒருவரிடம் தந்து, பரிந்துரைத்த மாடல் பொருந்துமா என்று மட்டும் குறிக்கச் சொல்லலாம். எந்தக் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எல்லாத் தாள்களிலும் நீர்மட்டம் ஒரே எண்ணாக இருந்தால், கேட்காமலேயே நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். மதிப்பிடுபவர் அதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

பலனை அளப்பதில்தான் பெருந்தவறுகள் நேர்கின்றன. பயிற்சிக்குப் பின் விற்பனை உயர்ந்தது என்று காட்டும் வரைபடம், பயிற்சி மாசியிலும் விற்பனை சித்திரையிலும் நிகழ்ந்திருந்தால் கோடையின் வரைபடமாகவே இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் பம்ப் விற்பனை பெருகும். மழை பெய்த ஆண்டில் மிகச் சிறந்த பயிற்சியும் அதை உயர்த்தாது. இதைத் தவிர்க்க, பயிற்சியை எல்லா மாவட்டங்களிலும் ஒரே நாளில் தொடங்காமல், குலுக்கல் முறையில் சில மாவட்டங்களில் முதலிலும் மற்றவற்றில் சில மாதம் கழித்தும் தொடங்கினால், காத்திருக்கும் மாவட்டங்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படும். மழையும் விலையும் இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். இதற்குக் கூடுதல் செலவு இல்லை, பொறுமை மட்டுமே வேண்டும். விற்பனைத் தொகைக்குப் பதிலாக, விற்ற நூறு பம்புகளில் தவறான தேர்வால் திரும்பி வந்தவை எத்தனை என்பதை எண்ண வேண்டும். பட்டறைக்கு வரும் எரிந்த மோட்டார்களில் மின்னழுத்தக் குறைவால் எரிந்தவை, வெறுமனே ஓடி எரிந்தவை, தயாரிப்புக் குறையால் எரிந்தவை என்று பிரித்தெழுதும் பழக்கம் இல்லாத நிறுவனம் முதலில் அப்பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்ட பிறகே பயிற்சியின் பலனைப் பற்றிப் பேச முடியும். மேலும் தவறான தேர்வு தன்னை வெளிப்படுத்தப் பல மாதங்கள் எடுக்கும் என்பதால், காலாண்டு முடிவில் அறிக்கை கேட்கும் மேலாளருக்குத் தேர்வுப் படிவத்தின் முடிவை மட்டும் தந்து, திரும்பி வந்த பம்புகளின் கணக்கை அடுத்த கோடைக்குப் பின் தருவதே நேர்மையானது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பின்னும் ஒரு முரண் எஞ்சுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் நன்கு பயிற்சி பெற்ற விற்பனையாளர், 10 எச்.பி. கேட்டு வந்தவரிடம் 5 எச்.பி. விற்றிருக்கிறார். கடையின் அன்றைய விற்றுமுதல் குறைந்திருக்கிறது. விற்றுமுதலைக் கொண்டு ஊக்கத்தொகை கணக்கிடப்பட்டால் அவருடைய வருமானமும் குறைந்திருக்கிறது. பணியில் காணப்படும் குறைகளில் பல அறியாமையால் வருபவையல்ல, கருவியும் செய்தியும் ஊதியமும் அமைந்திருக்கும் விதத்தால் வருபவை என்று தாமஸ் கில்பர்ட் 1978-இல் எழுதினார். சரியான தேர்வுக்கு அபராதம் விதிக்கும் ஊக்கத்தொகைத் திட்டம் நிலவும் நிறுவனத்தில் எந்தப் பாடமும் ஒரு கோடைக்கு மேல் தாங்காது. எனவே பாடத்தை வடிவமைக்க அழைக்கப்படுபவர் முதற்கூட்டத்திலேயே ஊக்கத்தொகை விதிகளைக் கேட்டுப் பெற்று, உத்தரவாதக் காலத்துக்குள் தவறான தேர்வால் திரும்பி வரும் பம்புக்குரிய ஊக்கத்தொகையைத் திரும்பப் பெறுவது, தேர்வுப் படிவம் முழுமையாக நிரப்பப்பட்ட விற்பனைக்குச் சிறு தொகை கூட்டித் தருவது போன்ற மாற்றங்களுக்கு விற்பனைத் துறை இசையுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இசையவில்லையென்றால், காட்சிப்படங்களுக்கு ஒதுக்கிய பணத்தைக் கொண்டு நீர்மட்டம் அளக்கும் நாடாக் கருவி ஒன்றை ஒவ்வொரு டீலருக்கும் வாங்கித் தருமாறு பரிந்துரைத்துவிடலாம். அதைப் போருக்குள் இறக்கிப் பார்க்கும் மெக்கானிக், சான்றிதழ் எதுவும் இல்லாமலேயே சரியான எண்ணைச் சொல்வார்.